சிவப்பு நூல் போட்ட சட்டை

உட்காருங்கள் மேடம். அந்த நாற்காலியில் மட்டும் வேண்டாம், அதற்கு ஒரு கால் குட்டை. இருபது வருடமாக எனக்குத் தெரிந்த மந்திரத்தையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டேன், ஒரு விரற்கடை வளரவில்லை. பெரிய பெரிய காரியங்களைச் சாதிக்கிற மந்திரம் இந்த மாதிரிச் சின்ன விஷயத்தில் கையை விரித்துவிடும். மந்திரவாதிகள் சங்கத்தின் விசாரணை அதிகாரிக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லைதான். ஆனாலும் என் கதை முழுக்க இதுதான் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே போகிறேன்.

என் தொழில் நிலைக்கண்ணாடி கழுவுவது. தண்ணீரும் துணியும் வைத்துக் கழுவுவது இல்லை, அதற்கு ஆள் இருக்கிறார்கள். ஒரு கண்ணாடி பத்துப் பதினைந்து வருடம் ஒரே இடத்தில் நின்றால் அதில் மனிதர்கள் ஒட்டிக்கொள்வார்கள். முந்தின ஆளின் தொந்தி அடுத்த ஆளுக்குத் தெரியும். முடிதிருத்தும் கடை ஒன்றில் முழு வழுக்கைக்காரர் ஒருவருக்குக் கண்ணாடியில் சுருட்டை முடி தெரிந்து, மனிதர் கண்ணில் நீர் வழிய அரைமணி நேரம் வெறும் மண்டையை வாரிக்கொண்டிருந்தார். இப்படி ஒட்டிய உருவங்களைக் கழுவிவிட்டு, வெறும் கண்ணாடியாகத் திருப்பிக் கொடுப்பேன். இந்தத் தொழிலில் முதல் நாளே ஒரு விதி சொல்லிக்கொடுப்பார்கள்: உருவத்தோடு பேச்சுக் கொடுக்காதே. ஏன் என்பது பிறகு வரும்.

என்னைப் பற்றி அதிகம் இல்லை. எனக்கு வெட்கம் அதிகம். என் காது சிவந்தால் மூன்று வீடு தள்ளி அணைத்து வைத்த அடுப்பு பற்றிக்கொள்ளும். தெரிந்தவர்கள் எதிரே வந்தால், அவர்கள் கடந்துபோகும் வரை விளக்குக் கம்பமாக நின்றிருக்கிறேன். பேச்சுக்குச் சொல்லவில்லை, கம்பமாகவே நின்றிருக்கிறேன். ஒருமுறை ஒரு நாய் வந்து காலைத் தூக்கியது. அதை எழுத வேண்டாம்.

என் அக்கா சொல்வாள்: "உனக்கு வாய் இருக்கறது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான்டா. அதுலயும் கொட்டாவி சுமார்தான்."

நாற்பத்தாறு வயது வரைக்கும் அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

நான்கு தெரு தள்ளி ஒரு தையல் கடை. அண்ணனும் தங்கையுமாக நடத்துவது. அண்ணன் துணி வெட்டுவார், கட்டிங் மாஸ்டர் என்பார்கள். தங்கை தைப்பார். அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. தெருவே அவரை 'முடியாதக்கா' என்றுதான் அழைத்தது. யார் என்ன கேட்டாலும் முதலில் முடியாது என்பார். இரண்டாவது தடவை கேட்டால் ஏன் முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்வார். மூன்றாவது தடவை கேட்டவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது.

அந்தக் கடைச் சுவரில் ஓர் ஆணி உண்டு. தைக்க மாட்டேன் என்று அவர் சொன்ன துணியின் கழுத்தில் சிவப்பு நூலால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தையல் போட்டு அதில் மாட்டிவிடுவார். அண்ணன் தெரியாமல் எடுத்து வெட்டிவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. சிவப்பு நூல் விழுந்துவிட்டால் அமைச்சரே வந்தாலும் அந்தத் துணி ஆணியை விட்டு இறங்காது. அத்தனை துணியைத் தாங்கிக்கொண்டு ஆணி நின்றதே எனக்கு மந்திரமாகத் தோன்றியது.

கடையில் உடை போட்டுப் பார்க்கும் கண்ணாடி மங்குகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போன நேரத்தில் ஒரு பெரிய மனிதர் தம் கல்யாணக் கோட்டைக் கொண்டுவந்து இடுப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று நின்றிருந்தார். அவருக்குக் கல்யாணமாகி முப்பது வருடம் இருக்கும்.

"முடியாதுங்க," என்றார் முடியாதக்கா, தலையைத் தூக்காமல். "துணியில விடறதுக்கு இடம் இல்ல. பிடிக்கறதுன்னா உங்களைத்தான் பிடிக்கணும். அந்த ஊசி எங்ககிட்ட இல்ல."

பெரிய மனிதர் குதித்தார். முடியாதக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நூல் ஒரே தடவையில் உள்ளே போயிற்று. நான் ஆயுளில் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. என்னால் முடியாத ஒன்றை ஒருவர் இவ்வளவு அலட்சியமாகச் செய்கிறாரே என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பக்கத்துக் கடையில் அடுப்பு பற்றிக்கொண்டதாகக் கூச்சல் கேட்டது.

ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. உங்கள் தையல் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது, "உங்க கத்தரிக்கோல் சௌக்கியமா?"

அவர் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "சௌக்கியம். உங்களைப் பத்தி விசாரிச்சதாச் சொல்லச் சொல்லுச்சு."

அதற்கப்புறம் நான் வேறு யாரைப் பற்றியும் நினைக்கவில்லை. அது குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

கண்ணாடியை வீட்டுக்கு எடுத்து வந்தேன். தொந்திகளைக் கழுவினேன், மீசைகளைக் கழுவினேன், பத்து வருடத்து மாப்பிள்ளைகளை வரிசையாகக் கழுவித் தள்ளினேன். எல்லோருக்கும் பின்னால், அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, உதட்டில் இரண்டு குண்டூசியோடு முடியாதக்கா நின்றிருந்தார். தினமும் அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பவர் அல்லவா, அழுத்தமாக ஒட்டியிருந்தார். அவரை மட்டும் கழுவவில்லை. கடைக்கு வேறு புதுக் கண்ணாடி ஒன்றை என் செலவில் மாட்டிக்கொடுத்தேன். கட்டிங் மாஸ்டர் இவ்வளவு நல்ல மனிதரைப் பார்த்ததே இல்லை என்றார்.

கல்யாணத்துக்குக் கேட்பது என்று முடிவு செய்தேன். ஆனால் கத்தரிக்கோலை விசாரித்த வாயை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது? ஒரு தடவை ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. மேடைப் பேச்சாளர்கள் எல்லாம் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகுவதில்லையா? அதேதான். என் கண்ணாடியில் கேட்பதற்கு ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு நிற்பேன். என்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்பேன். முதல் நாள் உருவம் குண்டூசிகளை உதட்டிலிருந்து எடுத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னது: "வேண்டாங்க. நீங்க நல்லவராத்தான் தெரியறீங்க. எனக்கு இப்படி இருக்கறதே பிடிச்சிருக்கு."

மரியாதையான பதில். நான் கேட்ட விதம்தான் சரியில்லை என்று புரிந்துகொண்டேன். மறுநாள் வேறு மாதிரி கேட்டேன். அதற்கு மறுநாள் வேறு மாதிரி. புதுச்சட்டை போட்டுக் கேட்டேன். உட்கார்ந்து கேட்டேன். ஒரு நாள் கவிதையில் கேட்டேன், அன்றைக்கு அது கண்ணாடிக்குள்ளேயே இரண்டு அடி பின்னால் போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் வேண்டாம், முடியாது, மாட்டேன், நடக்காது. எத்தனை விதமாக ஒருவரால் மறுக்க முடியும் என்று அசந்துபோவேன். நான் ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. நன்றி சொல்லிவிட்டுத்தான் திரை போடுவேன்.

வாரத்துக்கு ஒருமுறை கடைக்கும் போய்வருவேன். போவதற்குச் சாக்கு வேண்டுமே, அதனால் சட்டைப் பொத்தானைப் பிய்த்துக்கொண்டு போவேன். முதல் தடவை அவர் சட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது தானா விழல. பிடுங்கியிருக்கீங்க. தைக்க மாட்டேன்," என்று சொல்லி, சிவப்பு நூல் போட்டு ஆணியில் மாட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெரிய மனிதரின் கோட்டுக்குப் பக்கத்தில் என் சட்டை.

இரண்டாவது மாதம் போனபோது பொத்தானைத் தைத்துக் கொடுத்தார். மூன்றாவது மாதம் ஆணியில் பாதித் துணி இறங்கியிருந்தது. கோட்டுக்காரர் தம் கோட்டை வாங்கிப் போய்விட்டார். எப்படி விட்டுக்கொடுத்தாரோ, எங்கிருந்து துணி பிடித்தாரோ. முடியாதக்கா இளகிவிட்டார் என்று தெருவே கொண்டாடியது. முந்தானையைப் பாவாடையாக்கு, பாவாடையைப் பையாக்கு, பையைக் கூடாரமாக்கு என்று கொண்டுவந்து கொட்டினார்கள். அவர் வாயைத் திறப்பார், கொஞ்ச நேரம் திறந்தபடியே இருப்பார், பிறகு துணியை வாங்கிக்கொள்வார். விரலில் கட்டு, அதன்மேல் இன்னொரு கட்டு.

ஐந்தாவது மாதம் ஆணி வெறுமையாக இருந்தது. என் சட்டைகூட இல்லை. கட்டிங் மாஸ்டர் என்னைத் தனியாக அழைத்து, "தங்கச்சி எதைத் தேடுதுன்னே தெரியலீங்க, பாதிப் பேச்சுல நின்னு தேடுது," என்றார். கவலைப்பட வேண்டாம், வேலை அதிகம், அதனால்தான் என்று ஆறுதல் சொன்னேன்.

விதிக்குக் காரணம் கேட்டீர்களே, இதுதான். உருவத்துக்குச் சொந்தமாகப் பேச்சுக் கிடையாது. அது பேசினால் உரியவரிடமிருந்து எடுத்துத்தான் பேசும். எடுத்தது கண்ணாடியில் தங்கிவிடும். ஒரு மனிதர் ஆயுளுக்கும் மறுப்பதற்கென்று வைத்திருப்பது ஓர் அளவுதான், எடுக்க எடுக்கத் தீருகிற பொருள்.

எப்போது தெரியும் என்று கேட்கிறீர்கள். பொத்தானைத் தைத்துக் கொடுத்த அன்றே தெரியும். இருபது வருட அனுபவம் உள்ளவன் நான், தெரியாது என்று சொன்னால் தொழிலுக்கு அவமானம்.

ஆனால் மேடம், அதற்குள் ஒத்திகை நன்றாகக் கூடிவந்திருந்தது. எனக்குக் காது சிவப்பது குறைந்திருந்தது. பாதியில் விட மனம் வரவில்லை.

உருவத்தின் பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. முதலில் காரணங்கள் போயின. பிறகு வெறும் 'வேண்டாம்'. பிறகு வாய் அசையும், சத்தம் வராது, தலையை மட்டும் ஆட்டும். ஏழாவது மாதம் ஒரு மத்தியானம் கேட்டேன். உதடு அசையப் பார்த்து நின்றது. தலை ஒரு பக்கம் திரும்பி, மறுபக்கம் திரும்ப முடியாமல் நின்றது. பிறகு, "சரி."

அன்றே குளித்து முழுகி, கடைக்குப் போய்க் கேட்டேன். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. தெருவில் ஓர் அடுப்பும் பற்றவில்லை. அவர் தையல் இயந்திரத்தில் கை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. கேட்டுவிட்டுக் காத்திருப்பதுதான் மரியாதை.

"சரிங்க," என்றார்.

கட்டிங் மாஸ்டர் கத்தரிக்கோலைக் கீழே போட்டுவிட்டார். "என் தங்கச்சி வாயில சரிங்கற வார்த்தையை நான் மனசாரக் கேக்கறது இதுதான் முதல் தடவை, மச்சான்," என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். மனதாரச் சொன்னாளா என்று அவர் கேட்கவில்லை, நானும் எடுத்துக்கொடுக்கவில்லை. பதிவு அலுவலகத்தில் சம்மதமா என்று மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் சம்மதம் என்றாள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட என் அக்கா, "இவ்வளவு அடக்கமான பொண்ணை இவன் எங்கேடி பிடிச்சான்," என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பூரித்துப்போனாள்.

குடித்தனம் நன்றாகவே இருந்தது. அவள் குரல் மெல்லியது. காபி சாப்பிடுகிறாயா, சரி. வெளியே போகலாமா, சரி. வேண்டாம் வீட்டிலேயே இருப்போமா, சரி. சிக்கல் வெளி ஆட்களால்தான் வந்தது. வாளி விற்பவன் வந்து வாங்கிக்கொள்கிறீர்களா என்று கேட்டான். மாலையில் வந்தால் கூடத்தில் பதினொரு வாளி. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு நாள் பார்த்துக்கொள் என்று தன் மாமியாரை விட்டுப்போனாள், ஒரு மாதம் திரும்பவில்லை. அண்ணன் முந்நூறு பள்ளிச் சீருடையை நாலு நாளில் தைக்க முடியுமா என்று தெரியாமல் கேட்டுவிட்டார். ஐந்தாம் நாள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஊசியை எடுக்க வேண்டியிருந்தது. உலகம் எவ்வளவு கேட்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எல்லோருக்கும் சரி என்று சொல்கிறவள் எவ்வளவு நாள் தாங்குவாள்?

அதனால்தான் கதவைப் பூட்டினேன். பூட்டினேன் என்று நீங்கள் எழுதியிருப்பது சரிதான், ஆனால் இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்: தினமும் காலையில் அவளைக் கேட்டுவிட்டுத்தான் பூட்டினேன். "பூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்பேன். "சரி," என்பாள். அவள் சம்மதமில்லாமல் ஒரு நாள்கூடச் சாவியைத் திருப்பியதில்லை. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எதையாவது கேட்டுவிடுகிறார்கள் என்று பிறகு ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். அதற்கும் கேட்டேன். ஆணியை அவள்தான் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

பலகை அடித்த அந்த வாரத்தில்தான் என் சட்டைக் காலரில் சிவப்பு நூல் பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு தையல். வெகு நேர்த்தி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. சலவைக்குப் போட்டால் மாறிப்போகாமல் இருக்க மனைவிமார் அடையாளம் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அடுத்த நாள் இன்னொரு சட்டையில். பிறகு எல்லாச் சட்டையிலும். என் துண்டில். என் தலையணை உறையில். கட்டில் விரிப்பில் என் பக்கம் மட்டும். நான் உட்காரும் நாற்காலி மெத்தையில். ஒரு நாள் மத்தியானத் தூக்கம் கலைந்து எழுந்தால், போட்டிருந்த சட்டையின் கழுத்தில் ஊசி ஓடிக்கொண்டிருந்தது. தொண்டைக்கு வெகு பக்கத்தில். அவள் முகம் எப்போதும்போல அமைதியாக இருந்தது. தையலை முடித்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்து போனாள்.

வாயால் மறுத்ததும் தலையால் மறுத்ததும்தான் என் ஒத்திகையில் தீர்ந்தன. கையின் மறுப்பை நான் தீர்க்கவில்லை. தொழிலில் ஒரு சின்னக் கவனக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

"ஊசி நூலையெல்லாம் என்கிட்ட குடுத்துடறியா?" என்று கேட்டேன்.

வாய் திறந்தது. வெகு நேரம் திறந்திருந்தது. "சரி," என்று சொல்லி, பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினாள். பெட்டியை நான் பிடித்த பிறகும் விரல்கள் அதை விடவில்லை. விரல்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும் என்பது சீருடை தைத்த நாளிலிருந்து எனக்குத் தெரியும்.

போட்ட தையல்களைப் பிரிக்க மட்டும் மனம் வரவில்லை. என்ன இருந்தாலும் அவள் கைவேலை. அதே சட்டைகளைத்தான் போட்டுக்கொண்டு திரிந்தேன். போன வாரம் மச்சான் வந்தபோதும் அதில் ஒன்றைத்தான் போட்டிருந்தேன். தங்கையைப் பார்த்து நான்கு மாதமாகிறது என்றார். தூங்குகிறாள் என்று வாசலிலேயே நின்று பேசினேன். பேசிக்கொண்டே இருந்தவரின் பார்வை என் காலருக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"இந்தத் தையலை யார் போட்டாங்க மச்சான்?"

"உங்க தங்கச்சிதான். எல்லாத்துலயும் போட்டிருக்கா."

அந்த ஆணிக்குப் பக்கத்தில் இருபது வருடம் நின்று துணி வெட்டியவர். அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். கையை என் காலர் வரை கொண்டுவந்தார், தொடாமல் இறக்கிவிட்டார். படி இறங்கினவர் நேரே உங்கள் சங்கத்துக்குத்தான் வந்திருக்கிறார்.

சற்று முன் நீங்களே அவளைக் கேட்டுப் பார்த்தீர்கள். "எங்களோட வந்துடறியாம்மா?" என்றீர்கள். "சரிங்க," என்றாள். உங்கள் பேனா வேகமாக ஓடியது. உடனே நான், "என்கூடவே இருந்துடறியா?" என்று கேட்டேன். "சரி," என்றாள். பேனா நின்றுவிட்டது. உங்களை மடக்க அப்படிக் கேட்கவில்லை மேடம். இனி இந்த உலகத்தில் அவள் மனதில் என்ன இருக்கிறது என்பதை யாராலும், உங்களாலும் என்னாலும், அவள் வாயிலிருந்து தெரிந்துகொள்ள முடியாது என்பதைக் காட்டத்தான் கேட்டேன். அப்படியிருக்க, அவள் இங்கே சந்தோஷமாக இல்லை என்று நீங்கள் எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

சட்டையைத் தவிர.

ஆம், கண்ணாடி இங்கேதான் இருக்கிறது. அந்த அலமாரிக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி. நீங்கள் வந்ததிலிருந்து கேட்கிறதே ஒரு சத்தம், அது அங்கிருந்துதான். வேண்டாம், வேண்டாம் என்று சொல்வது போல இருக்கும். கழுவாத கண்ணாடி கொஞ்சம் முனகத்தான் செய்யும். அவள் அந்த அலமாரியில் காதை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள், சில நாள் பகல் பூராவும். மறந்துபோன பாட்டைப் பக்கத்து வீட்டு வானொலியில் கேட்பவர்கள் உட்காருவது மாதிரி.

அதை உடைத்தால் எல்லாம் அவளுக்குத் திரும்பிவிடும் என்பதும் உண்மைதான். உருவத்தைப் பிடித்துவைத்தவன் கையாலேயே, அவன் மனமொப்பித்தான் உடைக்க வேண்டும் என்பதும் உண்மை. இல்லாவிட்டால் உள்ளே இருப்பது தூளாகிவிடும். சட்டம் எழுதியவர்கள் நீங்கள், உங்களுக்குத் தெரியாததா. அதனால்தான் சிறைக்குக் கூட்டிப்போகாமல் என் முன்னால் உட்கார்ந்து இவ்வளவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது.

நான் செய்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். தெரிந்துதான் செய்தேன். ஏழு மாதம், ஒரு நாள் விடாமல், அவளிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் தீரும் வரைக்கும் கேட்டேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ அங்கே போடுகிறேன்.

ஆனால் சுத்தியலை நீட்டாதீர்கள். அதற்கு என் பதில், வேண்டாம். பாருங்கள், எவ்வளவு சுலபமாக வருகிறது. நானும் முன்பெல்லாம் யாரிடமும் சொல்லத் தெரியாதவன்தான், அவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். வீட்டில் ஒருவராவது அதைச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும் அல்லவா?